முட்டை இல்லாத பிரியாணித் தட்டு

தண்டையார்பேட்டை கண்டெய்னர் கிடங்கு ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக இருபது பேருக்கு மதியச் சோறு சூடு பண்ணிப் போடுகிறவள் ராஜாத்தி. வியாசர்பாடிக்காரி. மைக்ரோவேவ் வந்த வாரமே எவர்சில்வர் டப்பாவை அப்படியே உள்ளே வைத்து, படபடவென்று பொறி பறக்க, அலறிக்கொண்டு ஓடியவளும் அவள்தான். ரிப்பேருக்கு வந்த நசீரை விடாமல் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து சில்வர் கிடையாது, ஃபாயில் கிடையாது, பீங்கான் தட்டு மட்டும்தான். பாதியில் எடுத்து ஒரு கிளறு கிளறுவாள். அவித்த முட்டை என்றால் மட்டும் எமனைக் கண்ட மாதிரி ஒதுக்கிவிடுவாள்.

மாசத்தின் முதல் சனிக்கிழமை முதலாளி செலவில் பிரியாணி. பதினொன்றுக்கே வந்து ஆறிக் கிடக்கும். ராஜாத்தி முட்டைகளை எல்லாம் எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைப்பாள். சோற்றைச் சூடு பண்ணிக் கொடுத்த பிறகு, ஒரு சுற்று வந்து ஆளுக்கொன்று வைப்பாள். பழைய ஆட்களுக்கு இது தெரியும். போன வாரம் சேர்ந்த ஜோபினுக்குத் தெரியாது.

"என் தட்டுல முட்டையக் காணோமே! எத்தனைய வீட்டுக்குக் கட்டுனீங்க அக்கா?" என்றான், எல்லோர் காதிலும் விழ.

ஐயோ, என்ன பேச்சு அது! பாத்ரூமில் கிடந்த தங்கக் கம்மலைக்கூட யாருது யாருது என்று கூவிக் கொடுத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வூட்டுக்கா? தோ, கிண்ணத்துல கீது பாரு. முழுசா சூடு பண்ணா வெடிக்கும் நைனா, வெளில எடுத்தப்புறங்கூட வெடிக்கும்."

"சும்மா கதை விடாதீங்க." அவள் தடுக்கத் தடுக்க ஒரு முட்டையை எடுத்து மைக்ரோவேவில் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டினான். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று இளித்துக்கொண்டே அதைக் கரண்டியில் ஏந்தி வாய்க்குக் கொண்டு போனான்.

ராஜாத்தி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். மேஜையில் விழுந்த முட்டை டப்பென்று வெடித்தது. மஞ்சள் கரு சுவர் வரை தெறித்தது. அவள் புறங்கை சிவந்து போனது.

ஜோபின் தன் முகத்தைத் தடவிப் பார்த்தான். "அக்கா... உங்க கை..."

"கை கெடக்குது வுடு." ராஜாத்தி அவனை முறைத்தாள். "அல்லாரு எதிர்லயும்தான சொன்ன? அல்லாரு எதிர்லயும் வாபஸ் வாங்கு."

மற்ற எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அக்கா எதையும் எடுக்கல. நான் சொன்னது தப்பு" என்றான் ஜோபின், தலை குனிந்தபடி.

அதற்கப்புறம்தான் ராஜாத்தி குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினாள்.