வாசலோடு கிழித்த கடிதம்

ராக்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகள் முனீஸ்வரிக்கு வரும் தபாலின் சேதியைக் கவரைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நீளக் கவர், முகவரி தெரிகிற மாதிரி கண்ணாடித் தாள் ஒட்டிய சின்ன ஜன்னல். அது வந்தால் வேலை இல்லை.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸேறிப் போய் பி.காம். முடித்த பெண், இப்போது அதே டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று துணி மடிக்கிறாள். கணக்கு வேலை கேட்டு அவள் எழுதிப் போடாத மில் இல்லை. முதல் கடிதம் வந்தபோது ராக்கம்மாள் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னாள்.

“வேலைக்கு எடுக்க முடியலையாம். வருந்துகிறோம்னு போட்டிருக்கும்மா.”

“வருந்துறது யாரு? பேரு போடலையா?”

“கம்ப்யூட்டரு அடிச்சது. கையெழுத்தே தேவையில்லைன்னு கீழ போட்டிருக்கு.”

“செத்த வீட்டுக்குத் துட்டி கேக்க வாறவுககூட வாசல்ல நின்னு மூஞ்சியக் காட்டிட்டுத்தான போறாக. இவுகளுக்கு என்ன கேடு?”

மகள் அன்று சாப்பிடவில்லை. அடுத்தடுத்த கடிதங்களுக்கும் பட்டினிதான். பெற்ற வயிறு கேட்குமா? ராக்கம்மாள் ஒரு சட்டம் போட்டாள்.

“இதுவும் கருமாதிக் கடுதாசிதான். வாசல்லயே படிச்சுக் கிழிச்சுப் போட்டு, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வா.”

சாவுச் சடங்குக்கு அழைக்கும் கடிதத்தை அந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. முனீஸ்வரி சிரித்துவிட்டாள். ஆனாலும் அப்படியே செய்தாள். அதில் என்ன இருந்ததோ, கிழித்துப் போட்ட நாட்களில் சாப்பிட்டாள்.

மாசி மாதக் கடைசியில், மகள் கடைக்குப் போயிருந்த நேரம் ஒரு ஜன்னல் கவர் வந்தது. இந்தக் கடிதமாவது பிள்ளை கண்ணில் படாமல் தொலையட்டும் என்று ராக்கம்மாள் பிரிக்காமலே சுக்கு நூறாகக் கிழித்து எறிந்தாள். வேலியோரத்துச் சீமைக்கருவேல முள்ளில் காற்று அதைக் கொண்டுபோய்ச் சொருகியது.

பங்குனி பிறந்த பிறகு, மகள் லீவில் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. மில் ஆபீஸிலிருந்து ஒரு பெண். தன் பெயர் சுகப்பிரியா என்று சொல்லியே பேசினாள். “நேத்து நீங்க வேலையில சேர வேண்டிய நாளு. ஆர்டர் அனுப்பியிருந்தோமே, ஏன் வரலை?”

இன்றைக்கே வருவதாக முனீஸ்வரி கெஞ்சினாள். கேட்டுச் சொல்கிறோம் என்று போனை வைத்தார்கள். அன்று முழுக்க அவள் தபால்காரரைத் திட்டித் தீர்த்தாள். ராக்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. பயம். மகள் தன் முகத்தில் முழிக்காமல் போய்விடுவாளோ என்ற பயம்.

அதற்குப் பிறகு அந்தக் காகிதம் அவளை விடவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் முள்ளில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. கை கீறப் பொறுக்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் மறுநாள் இன்னொரு துண்டு. பருத்தி எடுக்கப் போன காட்டில், வெடித்த காயெல்லாம் அவள் கண்ணுக்குக் கிழிந்த காகிதமாகவே தெரிந்தது. கூட வந்தவர்கள் வெயில் தாக்கிவிட்டது என்றார்கள்.

போனில் சொன்னபடி யாரும் கேட்டுச் சொல்லவில்லை. ஜன்னல் கவர்தான் வந்தது. ராக்கம்மாள் அதைக் கிழிக்கவுமில்லை, உள்ளே கொண்டுபோகவுமில்லை. சாயங்காலப் பஸ்ஸில் மகள் வந்து இறங்கும் வரை கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

முனீஸ்வரி பிரித்துப் படித்தாள். “இடம் நிரம்பிருச்சாம். வருந்துகிறோம்னு போட்டிருக்கு. யாருன்னு கேக்காத, இதுலயும் பேரு இல்ல.”

அவள் கிழிக்கப் போன கையை ராக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். சுருக்குப்பையை அவிழ்த்து, மண்ணேறிய துண்டுகளை அந்தக் கையில் கொட்டினாள்.

“அந்த ஆர்டரக் கிழிச்சது நான்தான் தாயி.”

முனீஸ்வரி கடிதத்தையும் துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் உள்ளே போய்விட்டாள். ராக்கம்மாள் துட்டி கேட்க வந்தவளைப் போல வாசலிலேயே நின்றாள்.