ஐந்து மணி வரை பத்துப் பேர்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் ரொட்டி என்னை அடிக்கட்டும். பிஷ்கெக்கில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. நான் அந்த அறையில் இல்லை. எனக்கு அன்று பல்வலி. ஆனால் உள்ளே இருந்த ஒன்பது பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ஒன்பது பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒன்பது பேர் ஒரே மாதிரிச் சொன்ன விஷயம் இது ஒன்றுதான்.

நடந்தது ஜனவரி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. பகல் மூன்று மணி.

எங்கள் குடியிருப்பின் நிலவறையில் ஒரு பொதுப் பட்டறை இருக்கிறது. இளசுகள் அதை ஹேக்கர் பட்டறை என்பார்கள். திருட்டு வேலை எதுவும் கிடையாது. பழுதான எதையாவது கொண்டுவந்து, பிரித்துப் போட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். சரியாகாவிட்டாலும் தேநீர் உண்டு. அங்கே ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் வகுப்பு எடுப்பவள் புருல்ச்சா. வயது முப்பத்தெட்டு. புருஷன் ரஷ்யாவில் கசானுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் வீட்டுக் கதவைத் தாண்டவில்லை. தாண்டி வந்தது இந்த நிலவறைக்குத்தான். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை. சூடான ஈயம் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. மனசும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அவளே சொல்வாள், வருத்தமில்லாமல்.

அறையை வட்டார அலுவலகம் சும்மா கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வாரம் ஒரு வகுப்பு நடக்க வேண்டும். வகுப்பு முடியும் ஐந்து மணிக்கு உள்ளே பத்துப் பேராவது இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் ஆள் குறைந்தால் அறை கைமாறிவிடும். இரண்டு வாரம் குறைந்தாகிவிட்டது. இறைச்சிக் கொழுக்கட்டை அவித்து விற்கும் ஒருவர் வந்து சுவர்களை அளந்துவிட்டுக்கூடப் போயிருந்தார்.

எண்ணுவதற்கு அதிகாரி யாரும் வருவதில்லை. டாக்சி ஓட்டும் ஸார்லிக் வாசல் நிலையில் ஒரு கருவி பொருத்தியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு ஒன்று. உள்ளே வருபவர் அதைத் தாண்டினால் 'டிங்' என்று ஒன்று கூடும். வெளியே போனால் 'டிங்' என்று ஒன்று குறையும். கதவுக்கு மேலே சிவப்பு எண் தெரியும். சரியாக ஐந்து மணிக்கு அந்த எண் தானாக அலுவலகத்துக்குப் போய்விடும். ஸார்லிக் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதைவிட அந்தக் கருவியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

வகுப்பு வழக்கமாகச் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணம், பாதிப் பேர் போய்விடுவார்கள். அதனால் புருல்ச்சா வகுப்பை வியாழனுக்கு மாற்றினாள். அதுதான் அவள் செய்த தப்பு. அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

2.50. பத்து இடம் போட்டாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்ன ரேடியோவுக்கான போர்டு, கொஞ்சம் ஈயம், ஈயம் நன்றாக ஒட்டுவதற்கு ஒரு கட்டி பைன் பிசின், ஒரு சால்டரிங் அயர்ன். வாசலில் பத்து ஜோடி அறைச் செருப்பு.

3.00. அவளையும் சேர்த்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

3.06. பத்தாவதாக வர வேண்டிய தையல்காரி போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சலாம்.

ஸார்லிக் ஒரு யோசனை சொன்னார். வாசலில் தன் தொப்பியை ஒருமுறை ஆட்டினால் பத்தாகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். புருல்ச்சா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏமாத்தித்தான் எண்ணணும்னா அந்தக் கருவி எதுக்குண்ணே? பேசாம வாயாலயே எண்ணிக்கலாமே."

ஸார்லிக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

3.15. எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள். சூடான முனை பிசினைத் தொட்டது. அறை முழுக்கப் பைன் வாசம் எழுந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ் உல்கான் அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, இன்று வியாழன்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் புருல்ச்சா. உல்கான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

3.32.

டிங்.

எல்லாரும் திரும்பினார்கள். கதவு சாத்தியே இருந்தது. யாரும் வரவில்லை.

சிவப்பு எண்... 10.

பேய் என்று நினைத்தார்களா? இல்லை. அந்த இடத்து ஆட்களுக்கு அந்த நினைப்பு வராது. கருவியில் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். ஸார்லிக் முகம் சிவந்து, ஏணி போட்டு ஏறி, துணியால் கண்ணாடியைத் துடைத்தார். பத்து. மறுபடி துடைத்தார். பத்து. கடைசியில் கோளாறைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிந்த முறைப்படி, எல்லாரையும் வெளியே அனுப்பிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆள் இல்லாத அறை பூஜ்யம் காட்ட வேண்டும்.

3.41. ஒருவர் பின் ஒருவராக நடைபாதைக்கு வந்தார்கள். டிங், டிங் என்று ஒன்பது தரம்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார்கள்.

1.

"யாராவது போனை உள்ள வச்சிட்டு வந்தீங்களா?" என்று வங்கியில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார். ஸார்லிக் இல்லை என்று தலையாட்டினார். கருவி போனை எண்ணாது. அவருக்குத் தெரியும்.

பத்தாவது இடத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த சால்டரிங் அயர்னை யாரும் தொடவில்லை. ஆனால் அங்கிருந்து ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது... நூல் மாதிரி, நேராக.

புருல்ச்சா குனிந்து செருப்பு வைக்கும் பலகையைப் பார்த்தாள். வைத்தது பத்து ஜோடி. ஒன்பது ஜோடி இவர்கள் காலில் இருந்தது.

பலகை காலியாக இருந்தது.

ஆட்கள் தங்கள் பனிக்காலணிகளைத் தேடத் தொடங்கினார்கள். ஒருவர் இடது காலில் இன்னொருவருடையதை மாட்டிக்கொண்டு முடிச்சும் போட்டுவிட்டார். புருல்ச்சா கடிகாரத்தைப் பார்த்தாள். 3.49. ஐந்து மணிக்கு இன்னும் எழுபத்தொரு நிமிடம். பயம் வர வேண்டிய இடத்தில் அவள் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மரத்த விரலை அழுத்திப் பார்ப்பது போல இருந்தது.

"யாரும் போகாதீங்க. உள்ள வாங்க."

"தங்கச்சி, உள்ள..." என்றார் ஸார்லிக்.

"உள்ள ஒண்ணு இருக்கு. நாம போனா பத்து. போகலைன்னா கொழுக்கட்டைக் கடை."

"அது கருவிக் கோளாறா இருந்தா?"

"கோளாறே வராதுன்னு ரெண்டு வருஷமா சொன்னது நீதானேண்ணே."

முதலில் உள்ளே போனவர் ஸார்லிக்தான். டிங். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் போனார்கள்.

10.

வகுப்பு தொடர்ந்தது. நம்புங்கள், தொடர்ந்தது. புருல்ச்சா எப்போதும் போலச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் கம்பியைச் சூடாக்கு, பிறகு ஈயத்தை வை என்று. எட்டுப் பேரும் சூடாக்கினார்கள், வைத்தார்கள். ஒருவரும் பத்தாவது இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே பாதி உயிர் போனது.

4.10. உல்கான் அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். வியாழக்கிழமைகளில் எங்கள் வீடுகளில் எண்ணெய் காயவைத்து மாவு பொரிப்போம். சாப்பிட அல்ல. அந்த வாசம் செத்தவர்களுக்கு. தங்கள் வீட்டு வாசம் பிடித்து அவர்கள் வருவார்கள், வேண்டுதலைக் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

உல்கான் மெல்லச் சொன்னாள். "வீட்டுல வாழ்ந்தவளுக்கு எண்ணெய் வாசம். இந்த அறையில முப்பது வருஷம் பிசின் புகையிலயே உக்காந்திருந்தவளுக்கு? வியாழக்கிழமையும் அதுவுமா நீதாண்டி கூப்பிட்டிருக்க."

எங்கள் கட்டடம் முன்பு மின்கருவித் தொழிற்சாலையாக இருந்தது. அந்த நிலவறையில்தான் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சால்டர் செய்வார்கள். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

உல்கான் பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ஒரு துணுக்கு ரொட்டியாவது வாயில் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். போடாமல் போகக் கூடாது. போட்டுவிட்டால் போய்விடலாம்.

"இதக் குடுத்தா கிளம்பிடுவா. குடுக்கட்டுமா?"

"அஞ்சு மணிக்கு."

"வந்தவளப் பட்டினியா உக்கார வைக்கிறியா? நமக்கு அடுக்குமா?"

புருல்ச்சா கடிகாரத்தைப் பார்த்தாள். 4.14. "அஞ்சு மணிக்குக்கா" என்றாள் மறுபடி. ரொட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

4.31. பத்தாவது இடத்தில் நாற்காலி லேசாக நகர்ந்தது.

4.38. ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே சால்டர் செய்தாள்.

4.46. ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது.

4.52.

ஃபூ...

யாரோ மெல்ல ஊதும் சத்தம்.

புருல்ச்சா நிமிரவில்லை. சூடான ஈயத்தை ஊதி ஆற்றக் கூடாது என்று அவள் ஒரு வகுப்பில் இருபது தரம் சொல்வாள். வாய் தானாகச் சொன்னது.

"ஊதாதீங்க. தானா ஆறட்டும்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள்.

எட்டு முகங்கள். எட்டும் அவளையே பார்த்தன.

எட்டு வாய்களும் மூடியிருந்தன.

ஊதும் சத்தம்...

நின்றுவிட்டது.

4.55.

4.58.

யாரும் மூச்சு விடவில்லை. விட்டால் ஊதியதாகிவிடும் என்று பயம்.

5.00. சிவப்பு எண் ஒருமுறை மின்னியது. எண் அலுவலகத்துக்குப் போய்விட்டது. பத்து.

புருல்ச்சா எழுந்தாள். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துப் பத்தாவது இடத்தில் வைத்தாள். உல்கான் தெரிந்த குர்ஆன் வசனத்தை ஓதினாள். ஒன்பது பேரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"லேட்டாயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்றாள் புருல்ச்சா, காலி நாற்காலியிடம்.

ஒன்றும் நடக்கவில்லை.

5.01.

5.02...

டிங்.

9.

பத்தாவது போர்டில் எல்லா இணைப்பும் போடப்பட்டிருந்தது. முப்பத்திரண்டு. ஒவ்வொன்றும் பனித்துளி மாதிரி மின்னியது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு. ஸார்லிக் அதைக் கையில் வாங்காமலே பார்த்துவிட்டு, பழைய டீவிப் பெட்டிகளுக்குள் இப்படி இருக்கும் என்றார். சரிபார்த்து முடித்த இணைப்புக்குத் தொழிற்சாலைப் பெண்கள் சிவப்பு வார்னிஷ் தொட்டு வைப்பார்களாம். அந்த அறையில் சிவப்பு வார்னிஷ் கிடையாது. ரொட்டியின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் காணோம். எலி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

புருல்ச்சா வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாளாம். அவளை உறுத்தியது ஒன்றுதான். ஒரு விருந்தாளியை நாற்பத்தாறு நிமிடம் பசியோடு உட்காரவைத்துத்தான் அந்த அறையைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதை என்னிடம்தான் முதலில் காட்டினாள், கண்ணாடி போட்டுப் படிக்கச் சொல்லி. அறை உங்களிடமே இருக்கும், மூன்றாவது வாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று இருந்தது. அன்று உங்கள் கருவியிலிருந்து எங்களுக்கு எந்த எண்ணும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது என்று இருந்தது. காரணமும் எழுதியிருந்தார்கள். பூமிக்கடியில் கேபிள் மாற்றினார்களாம். வியாழக்கிழமை பகல் ஒரு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை எங்கள் தெரு முழுவதும் மின்சாரமே இல்லை.