எஃப்.சி.க்கு நின்ற எஞ்சின்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு நீராவி எஞ்சின் வந்து சேர்ந்தது. சேலம் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்றில் கல் இழுத்த குட்டி எஞ்சின். துருப்பிடித்துக் கிடந்ததைப் பழுதுபார்த்து, பள்ளிக்கூட மைதானத்தோரம் தண்டவாளம் போட்டு ஓட்டுவது என்று ஊரில் கமிட்டி அமைத்தார்கள். தலைவர், என் வீட்டுக்காரர். நாலைந்து லாரி வைத்திருப்பவருக்குத் தெரியாத எஞ்சினா என்று எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

சுரங்கத்தில் அந்த எஞ்சினை வருஷக்கணக்கில் ஓட்டியவர் என் அப்பா. திறப்பு விழாவில் அவர்தான் ஓட்ட வேண்டும் என்று இவரே சேலத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அப்பா புதுக் காக்கிச் சட்டை தைத்துக்கொண்டார். கூட வேலை பார்த்தவர்களையெல்லாம் அழைத்தும்விட்டார்.

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓடத் தகுதியானதா என்று அதிகாரி பார்ப்பதற்கு எஃப்.சி. என்று பெயர். அதற்குக் கொண்டுபோகும் முன் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பளபளவென்று இருந்தால் பாதிக் குறை கண்ணில் படாது. எஞ்சினுக்கும் அதே வைத்தியம்தான். நாமக்கல்லிலிருந்து லாரிக்குப் பாடி கட்டும் ஆட்கள் வந்து பச்சையும் மஞ்சளும் அடித்து, நெற்றியில் இரண்டு மயில் வரைந்து, பின்னால் 'சவுண்ட் ஹாரன்' என்றுகூட எழுதிவிட்டார்கள். பாய்லரை யாரும் தொடவில்லை. கமிட்டி கூடினால் பந்தலுக்கு யார், மாலைக்கு யார் என்றே பேச்சு.

"பாய்லர் என்னாச்சுங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ போயிக் காப்பி கொண்டா."

விழாவுக்கு முந்தின நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பாய்லர் சல்லடையாக ஒழுகியது. விழாவைத் தள்ளி வைப்பார்கள் என்று நினைத்தேன். பத்திரிகை அடித்தாயிற்றே, தலைவர் மானம் என்னாவது?

மறுநாள் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு லாரியை நிறுத்தி, வாழைமரமும் துணியும் கட்டி மறைத்தார்கள். புகைக்காக அடுப்பில் பழைய டயரைக் கொளுத்தினார்கள். அப்பா மேலே ஏறிய பிறகுதான் இவர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். ஆரத்தித் தட்டோடு நான் கீழேயே நின்றிருந்தேன்.

"நீங்க சும்மா கயித்த இழுங்க மாமா. லாரி தள்ளிக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். இறங்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விசில் கயிற்றை இழுத்தார். லாரியின் ஏர் ஹாரன் அலறியது. எஞ்சின் நகர்ந்தது. ஊரே கை தட்டியது. அப்பாவின் கூட்டாளிகள் மட்டும் தட்டவில்லை. ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பந்தியில் அந்தக் கூட்டாளிகளில் ஒருவர் அப்பாவிடம் கேட்டேவிட்டார். "ஏனுங்க, நெசமாலுமே ஆவியிலதான் ஓடுச்சுங்களா?"

நான் பக்கத்து இலைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க. மாப்ள நல்லாவே ரிப்பேர் பண்ணீருக்காருங்க" என்றார் அப்பா.

கேட்டவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு அப்பா தன் தொழிலையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. இவருக்கு அப்படியொன்றும் இல்லை.

"மாமாவுக்கு இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்து" என்றார் சிரித்துக்கொண்டே.

ஊற்றினேன். அப்பா தலை நிமிராமல் குடித்தார்.