சந்துக்கு வரும் கெஸ்ட்

வாரத்தில் நாலைந்து நாள் தாராவியைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் சந்து வழியாகப் போவார்கள். அவர்களைக் கூட்டிவருகிறவள் பக்கத்துச் சந்துப் பெண். முன்னால் வந்து, "அத்த, கெஸ்ட் வாராவ, வாளிய உள்ள எடுங்க" என்பாள். வாளியையும், கூலிக்குப் பிசிறு நூல் வெட்ட வந்த சட்டைக் குவியலையும் உள்ளே இழுத்துக்கொள்வேன். அவர்கள் தலையைக் குனிந்து கடந்துபோவார்கள். யாரும் நின்றதில்லை.

மகன் கல்யாணமாகி பாண்டுப் பகுதிக்குக் குடிபோனபின் என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அவனும் பண்டிகைக்கு வந்தால் வாசலில் நின்று பேசிவிட்டு, டிரெயினில் கூட்டமாகிவிடும் என்று கிளம்பிவிடுவான். ஆறு டம்ளர்களில் ஒன்றைத்தான் எடுக்கிறேன். யாராவது உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் போதும் என்றிருந்தது. கூப்பிட எனக்கு வாய் வராது.

ஒருநாள் துணிந்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எம்மா, கெஸ்ட்டுன்னா விருந்தாளிதான? உள்ள வரணும்லா?"

சிரித்துக்கொண்டே போனில் தேடிப் பார்த்தாள். "ஆதியில அதுக்கு முன்னபின்ன தெரியாத ஆளுன்னுதான் அர்த்தமாம், அத்த. அதே வேருல இருந்துதான் லத்தீன்ல எதிரிங்கற சொல்லும் வந்துச்சாம்."

"எதிரியா?"

"ஆமா. வாரவன் நல்லவனா கெட்டவனான்னு யாருக்குத் தெரியும்?"

பள்ளியில் தமிழ் டீச்சர் விருந்து என்றால் புதுமை என்று சொன்னது ஞாபகம் வந்தது. புதிதாய் வருகிறவர்தான் விருந்தினர். அப்படியென்றால் தெரியாதவரைக் கூப்பிடுவதில் தப்பில்லை என்று தோன்றியது.

அடுத்த வாரம் பெருமழை. கெஸ்ட் நாலு பேர் என் வாசல் தகரத்தின் கீழ் ஒதுங்கினார்கள். அதில் வயதான ஒரு பெண்மணி முழங்கால்வரை நனைந்திருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "ஆவோ, பைட்டோ" என்று இந்தியில் உட்காரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தார். இஞ்சி தட்டி இரண்டு டம்ளரில் டீ ஊற்றினேன்.

வாசலில் இருந்து கூட்டிவந்த பெண் பதறினாள். "அத்த, அவிய குடிக்க மாட்டாவ. வெளிய எதுவும் குடிக்கக் கூடாதுன்னு கம்பெனில சொல்லியிருக்கு."

"கொதிச்சதுதானம்மா."

"கொதிச்சாலும்தான்."

அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். சூடு அவருக்கு வேண்டியிருந்தது போல. என்ன பேசுவது என்று தெரியாமல் நான் கத்தரியை எடுத்தேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, ஒரு சட்டையை எடுத்து, தொங்கும் நூலை விரலால் தூக்கிக் காட்டினார். வெட்டினேன். அடுத்ததைக் காட்டினார். அப்படி ஏழெட்டுச் சட்டை முடித்தோம். என் டீயை நான் குடித்து முடித்திருந்தேன்.

மழை விட்டதும் ஏதோ சொல்லிக் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் அதற்குள் முன்னே போய்விட்டதால் என்ன சொன்னார் என்று கேட்க முடியவில்லை.

அவருடைய டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. அதையும் சுடவைத்து நானே குடித்தேன். அன்றைக்குக் கழுவ இரண்டு டம்ளர் இருந்தது.