ஜன்னல் கழிக்கத் தெரியாத மாப்பிள்ளை

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது டை கட்டிய ஒருவர் வந்து எங்களுக்கு எதிர்காலத்தைக் காட்டினார். ராமநாதபுரத்து வெயிலில் டை கட்டுகிற ஆளை நம்பக் கூடாது என்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. திரையில் ஓர் ஏணி. கீழ்ப்படியில் குவான்டிட்டி சர்வேயர், அதற்கு மேல் சீனியர், அதற்கும் மேல் மேனேஜர், உச்சியில் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர். "ஸ்டார்ட்டிங் சம்பளம் எவ்வளவு சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அவர் ரியாலில் சொன்னார். அரங்கம் முழுக்க எல்லோரும் போனை எடுத்து அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தோம். நாலு வருடப் படிப்பில் எங்கள் வகுப்பு அத்தனை அக்கறையாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான். அந்த ஏணியின் கீழ்ப்படிக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குவான்டிட்டி சர்வேயர், சுருக்கமாக கியூ.எஸ்., என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கட்டடத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு எத்தனை கல், எவ்வளவு சிமெண்ட், எத்தனை சதுர மீட்டர் பெயின்ட், மொத்தம் என்ன செலவு என்று கட்டுவதற்கு முன்பே கணக்குப் பார்ப்பவர். சுவரை அளந்தால் அதில் இருக்கிற கதவையும் ஜன்னலையும் கழிக்க வேண்டும். ஜன்னலுக்கு யாரும் சிமெண்ட் பூச மாட்டார்கள். முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. என் கல்யாணப் பேச்சு இந்தப் பாடத்தில் வந்து முட்டி நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊர் கடலோரத்து முஸ்லிம் ஊர். ஆண் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் மீசையே முளைக்கும். என் வகுப்புப் பையன்கள் தேர்வு முடிந்த கையோடு விசிட் விசாவில் கத்தாருக்குப் பறந்தார்கள். மச்சான், மாமா, சாச்சா என்று ஆளுக்கொருவர் அங்கே இருந்தார்கள், ஆளுக்கொரு நாற்காலி கிடைத்தது. அவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கிய எனக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே, ஓர் அறையில் வேலை கிடைத்தது. மாதம் பத்தாயிரம். கீழே பேக்கரியில் டீ போடுகிறவர் என்னைவிட அதிகம் வாங்கினார், அவருக்கு டீயும் இலவசம்.

அறையின் முதலாளி எங்கள் ஊர்க்காரர்தான். சவூதியில் ரொம்ப காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஊரில் மூத்தவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிட்டால் அவர் முகம் சுண்டிவிடும், சார் என்றுதான் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், "இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசம் பாப்போம்மா" என்பார். அல்லாஹ்வின் மேல் இவ்வளவு பாரத்தை வேறு யாரும் ஏற்றி நான் பார்த்ததில்லை.

அந்த அறையில் இருந்தது முழுக்கப் பெண்கள். ஞாயிறு எங்களுக்கு வேலை நாள், ஏனென்றால் கத்தாரில் வாரம் அன்றுதான் தொடங்குகிறது. வேலை என்னவென்றால், எங்கள் ஊரிலிருந்து போய் அங்கே நாற்காலி பிடித்திருந்த ஆம்பளைகளின் வேலை. அவர்களுடைய கம்பெனிகளுக்குத் தெரியாமல் வரைபடங்களை முதலாளிக்கு அனுப்புவார்கள். நாங்கள் அளந்து, கழித்து, கூட்டி, பெருக்கித் திருப்பி அனுப்புவோம். அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு மேனேஜரிடம் நீட்டுவார்கள். லட்சக்கணக்கில் வாங்கும் சம்பளத்தில் ஒரு சிட்டிகை முதலாளிக்கு வரும், அந்தச் சிட்டிகையில் ஒட்டியிருந்த தூள் எங்களுக்கு. மற்ற ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். எங்கள் ஊர் ஆம்பளைகள் வேலையையும் சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள்.

அவர்கள் பெயர் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. எங்கள் பெயரும் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. ஆனால் அவர்கள் அனுப்பும் வாய்ஸ் நோட்டை முதலாளி சத்தமாகப் போட்டுக் காட்டுவார், அதனால் குரல்கள் தெரியும். குரலுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். மாடிப்படியை இரண்டு முறை எண்ணியவர் படிக்கட்டு. வேலையை அவசரம் அவசரம் என்று விரட்டுகிறவர் ஆம்புலன்ஸ். கத்தாரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரே ஒரு முறை துணிந்து தானே கணக்குப் போட்டு, சரிபார்க்க எங்களுக்கு அனுப்பினார். ஒரு ஜன்னலைக்கூடக் கழிக்காமல் கண்ணாடிக்கும் சேர்த்துச் சிமெண்ட் பூசியிருந்தார். அன்றிலிருந்து அவர் ஜன்னல். ஜன்னலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பதிவு செய்து அனுப்புகிற வாய்ஸ் நோட்டில், ஒவ்வொரு முறையும், "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். இந்த மூளைக்குக் கத்தாரில் கார் கொடுத்து, வீடு கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை விமான டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நான் போட்ட கணக்கின் அடியில் என் பெயர் இருக்க வேண்டும், அதற்கான கூலி எனக்கு வர வேண்டும். வளைகுடாக் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தேன். போனிலும் கம்ப்யூட்டரிலும் நேர்காணல் நடத்தினார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள், கல்ஃப் அனுபவம் உண்டா என்று. தோஹாவில் பாதிக் கட்டடங்களின் கழிவறை ஓடு வரை எண்ணியிருக்கிறேன், ஆனால் அதைச் சொல்ல முடியாது. முதலாளியிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டேன். வாசலில் தொங்கிய போர்டைக் காட்டினார். டேட்டா என்ட்ரி என்று எழுதியிருந்தது. "கியூ.எஸ்.னு எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்குப் பிரச்சினையாகும்மா" என்றார்.

அதே முதலாளிதான் ஒரு நாள் என் வாப்பாவிடம் சம்பந்தம் கொண்டு வந்தார். மாப்பிள்ளை கத்தாரில் கியூ.எஸ்., லீவில் வந்திருக்கிறார், நல்ல குடும்பம். வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் துபாயில் யாருடைய மளிகைக் கடையிலோ கல்லாவில் நின்றே முடி நரைத்தவர். கடைக்கு வந்து தண்ணீர் பாட்டில் வாங்கிப் போகும் என்ஜினீயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் என்னைச் சிவில் படிக்க வைத்தார். அப்படி ஒருவர் மருமகனாக வருகிறார் என்றால் அவர் கால் தரையில் நிற்குமா?

எங்கள் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் வாப்பா எனக்காக எங்கள் வீட்டுக்கு மேலே மாடி கட்டியிருந்தார். மாப்பிள்ளையின் உம்மாவும் மாமிமார்களும் முதலில் வந்தார்கள். மாடியை நன்றாகப் பார்த்தார்கள், நேரம் மிச்சமிருந்ததால் என்னையும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார், டைல்ஸைக் குதிகாலால் தட்டினார். பிறகு, "இங்கன நெட்டு நல்லா வருமா?" என்று கேட்டார். மகன் கத்தாரிலிருந்து பேசுவதற்குக் கேட்கிறார் என்று நினைத்து, நன்றாக வரும் என்று என் உம்மா பெருமையாகச் சொன்னார். "மாஷா அல்லாஹ்" என்று தட்டில் வைத்திருந்த தொதல் அல்வாவில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார் அந்த அம்மா.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தார். கூடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ள அனுமதி கிடைத்தது. என் சாச்சி காவலுக்கு மூலையில் உட்கார்ந்து முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தர் வாசனை அவருக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. தொண்டையைச் செருமினார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு டீப்பாய்தான் இருந்தது.

"ஹலோ" என்றார். "நான் பேசுறது கேக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தது ஜன்னல்.

"வேலைக்குப் போறது எனக்குப் பிடிக்காதுன்னு இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா பத்தாயிரத்துக்கு ராம்நாடு வரைக்கும் பஸ்ல இடிபட்டுப் போயிட்டு வரணுமா? நம்ம லெவலுக்கு அது நல்லா இருக்காது."

அவமானப்படுத்திவிடலாம் என்று நான் சொன்னேன், "ஒங்க பள்ளிக்கூடத்துக் கணக்குல ஜன்னல் எல்லாத்தையும் கழிச்சாச்சு. நேத்துத்தான் முடிச்சேன்."

முகம் வெளிறும் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் பல் தெரியச் சிரித்தார். "தெரியும். அதனாலதானே உம்மாவ இங்கன அனுப்புனேன்."

எனக்கு விளங்கவில்லை.

"மத்த பிள்ளைங்க பாக்குற கணக்குல மேனேஜர் ஏதாவது குத்தம் நொட்டம் சொல்லுவான். ஒரு ஆளு கணக்குல மட்டும் சொல்லவே மாட்டான். யாரு அந்தப் பிள்ளைன்னு சார்ட்ட கேட்டேன். ஒங்களச் சொன்னாரு."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கணக்கு நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. இவன் சொன்னான். இவனா சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தையும் சொல்லி முடித்தான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க ராம்நாடு போக வேணாம். மாடியிலயே ஒரு கம்ப்யூட்டர் போட்டுருவோம், நான் ட்ராயிங் அனுப்புறேன். சார்ட்ட குடுக்குறது வெளிய போற காசு. இதுன்னா வீட்டுக்குள்ளயே நிக்கும்ல."

அந்த அம்மா நெட்டு வருமா என்று கேட்டது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. என் வாப்பா கட்டிய மாடியில், என் வாப்பா வீட்டு மின்சாரத்தில், சம்பளம் இல்லாமல் ஒரு குவான்டிட்டி சர்வேயர். திரையில் பார்த்த ஏணியில் இந்தப் படியை டை கட்டியவர் காட்டவே இல்லை. உள்ளே எழுந்து போனேன். எனக்குக் கூச்சம் என்று சாச்சி அவரிடம் சமாதானம் சொன்னது கேட்டது.

வாப்பாவிடம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. என்ஜினீயர் என்றால் கணக்குத் தெரியாமலா இருக்கும் என்றார். மறுபடி சொன்னேன், பேக்கரி மாடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒனக்குன்னு எதுவும் தருவானாமா?"

"வீட்டுக்குள்ளயே நிக்கும்னு சொன்னாரு."

"நான் அடுத்தவன் கல்லாவுலதான் ஆயுசு பூரா நின்னேன்" என்றார் வாப்பா. "எனக்குக்கூட மாசம் பொறந்தா சம்பளம் குடுத்தாங்கம்மா." அன்றைக்கே போய் மறுத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். கணக்குப் போட்டால் நான் இழந்தது டீ போடுகிறவரைவிடக் குறைவான ஒரு சம்பளம்தான், ஆனாலும் அந்த வாரம் அழுதேன். இரண்டு வாரம் போனது. என் போனுக்கே ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" பள்ளிக்கூடத்தின் அடுத்த பிளாக்கில் மேனேஜர் நொட்டம் சொல்லிவிட்டாராம். நான் பார்த்துக் கொடுக்க முடியுமா, பழசை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றது ஜன்னல். முதலாளிக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு கேட்டேன், முன்பணமாக. தாளின் அடியில் கணக்கிட்டவர் என்று என் பெயர் இருக்க வேண்டும் என்றேன். பணத்துக்கு உடனே சரி என்று வந்தது. பெயருக்கு ஒரு நாள் ஆனது. அதற்கும் சரி என்றார்.

என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்குப் போனது, மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெயரைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறார். அதையும் ஜன்னலே வாய்ஸ் நோட்டில் சொன்னது. "கோவிச்சுக்காதீங்க. திடீர்னு கேட்டுட்டான், என்ன சொல்லன்னு தெரியல. வைஃப்புன்னு சொல்லிட்டேன்."

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகும் அந்த ஆள் என்னைத் தாளில் கட்டிக்கொண்டுவிட்டார். மேனேஜரின் மின்னஞ்சல் முகவரி ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் இருக்கும், இத்தனை நாளும் நான் அதைத் தொட்டதில்லை. அன்று எழுதினேன். நான் யாருடைய மனைவியும் இல்லை, இந்தப் பிளாக்கையும் இதற்கு முந்தைய பிளாக்குகளையும் அளந்தவள் நான், வேலை இருந்தால் நேராக எனக்கே தரலாம் என்று எழுதி, என் கூலியையும் குறிப்பிட்டேன். வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். மாடியில் நான் கணக்குப் போடுகிற மேசையை அவர் ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டுவிட்டு, "இங்கன காத்து வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

மறுநாள் பதில் வந்தது. மரியாதையான பதில். என் கணக்கு மிகவும் தெளிவாக இருப்பதாகவும், அடுத்த கட்டடத்துக்கு என்னையே பரிசீலிக்க விரும்புவதாகவும் மேனேஜர் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார், எனக்குக் கல்ஃப் அனுபவம் உண்டா என்று.

நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிற பள்ளிக்கூடத்தில் மொத்தம் எத்தனை ஜன்னல் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. எண்ணிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.