அஸருக்குப் பிறகு மைதானம்

கல்முனையில் நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பின்னால்தான் கடற்கரை மைதானம். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பந்து உதைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். ஒரு காலத்தில் நானும் அங்கே முன்வரிசையில் ஆடியவன். வேலை முடியும் நேரம் தாண்டியும் கணினி முன்னால் உட்கார்ந்து அந்தக் கூச்சலைக் கேட்டு ஏங்குவேன். முகாமையாளர் மேல் கோபம் கோபமாக வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடமே போனேன். "சேர், கிழமைக்கு ரெண்டு நாளாவது நேரத்தோட போக விடுங்க" என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். "நான் ஒருநாளும் உங்கள நிக்கச் சொல்லல்லியே தம்பி. விருப்பத்துலதான் இருக்கீங்க எண்டு நெனச்சன்."

இத்தனை வருடமும் யாரும் என்னைக் கட்டி வைத்திருக்கவில்லை. எழுந்து போகலாம் என்று நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றே மைதானத்துக்குப் போனேன். என்னோடு ஆடியவர்கள் ஒருவரும் இல்லை. பலர் வேலைக்காகக் கட்டார் நாட்டில் இருக்கிறார்கள். அங்கே ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் என்னைப் பார்த்து அண்ணன் முறையில், "காக்கா, ஓட ஏலாட்டி கோலுக்குள்ள நில்லுங்களன்" என்றான்.

நின்றேன். இப்போதும் திங்களும் வியாழனும் நிற்கிறேன். பந்து எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அதன் பின்னால் ஓடக் கால்கள் துடிக்கின்றன.