ஷோபனா மிஸ் வராத மீட்டிங்

ஷோபனா மிஸ் இறந்துட்டாங்களாம்.

காலையில ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தாங்க. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்றாங்க, வேற ஒண்ணும் தெரியல. கடை ஷட்டரைப் பாதி தூக்கினவன் அப்படியே இறக்கிப் பூட்டிட்டு வந்துட்டேன்...

நேத்து சாயங்காலம்தான் வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. "பாய், திங்கக்கிழமை மீட்டிங். கண்ணாடி எடுத்துட்டு வாங்க. போன தடவை மாதிரி படிக்காம கையெழுத்துப் போட விடமாட்டேன்." நேத்துப் பேசினவங்க. எப்படிங்க நம்புறது?

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எம்மக ஆஷிகாவுக்கு ஆட்டிசம். தல்லாகுளம் பக்கம் ஒரு சாதாரண ஸ்கூல்லதான் எட்டாவது படிக்கிறா. மிஸ் அங்க கவுன்சிலர். பரீட்சை எப்படி வைக்கணும், கிளாஸ்ல எங்க உக்கார வைக்கணும்னு வருஷா வருஷம் அவளுக்குத் தனியா ஒரு ப்ளான் போடுவாங்க. அதுக்குத்தான் இந்த மீட்டிங்.

மொத மீட்டிங்ல டீச்சருங்க எல்லாம் "அவளுக்கு இது வராது, அது வராது"ன்னு சொல்லச் சொல்ல நானும் தலையாட்டிட்டு இருந்தேன். மிஸ் எந்திரிச்சுப் போயி, வெளிய பெஞ்சுல இருந்தவளைக் கூட்டியாந்து உக்கார வச்சாங்க. "யாரைப் பத்திப் பேசுறோமோ அவ இங்க இருக்கட்டும்."

ஸ்கூல்ல எது பிடிக்கலைன்னு அவகிட்டயே கேட்டாங்க. நான் வாயெடுத்தேன். "பாய், பரீட்சை உங்களுக்கா?"ன்னாங்க.

எம்மக காதைப் பொத்திக்கிட்டே "பெல்லு"ன்னா. அம்புட்டுதான். பெல் அடிக்கக் கொஞ்சம் முன்னாடி அவகிட்ட மெதுவாச் சொல்லிடணும்னு அன்னைக்கே ப்ளான்ல சேத்துட்டாங்க.

அப்புறம் ஒருக்கா... அவளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற ஆட்டோ அண்ணே வேலையை விட்டுட்டு சொந்த ஊரு கொட்டாம்பட்டிக்கே போயிட்டாரு. அழுவாளேன்னு "நாளைக்கு வருவாரு"ன்னு சொல்லி வச்சோம். வாசலை விட்டு நகரல புள்ள. வேற ஆட்டோவுல ஏறவும் மாட்டேன்னுட்டா.

மிஸ் வீட்டுக்கே வந்து என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. "அழுதா அழுகட்டும் பாய். நீங்களே பொய் சொன்னா அவ யாரை நம்புவா? எது மாறினாலும் முன்னாடியே சொல்லுங்க, நேராச் சொல்லுங்க." அதையும் ப்ளான்ல எழுதிட்டாங்க. ஸ்கூலுக்கு மட்டுமில்ல, வீட்டுக்கும் சேத்து.

இன்னைக்கு இதை எப்படிச் சொல்றது?

"ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிருவோங்க"ன்னு என் வீட்டம்மா அழுதா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வாய் வரைக்கும் வந்துருச்சு.

மத்தியானம் அவ சாப்பிட்டு முடிச்சதும் பக்கத்துல உக்காந்தேன். "ஆஷிகா, ஷோபனா மிஸ் இறந்துட்டாங்க. இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டாங்க. திங்கக்கிழமை மீட்டிங்குக்கும் வரமாட்டாங்க."

அழல. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா.

அப்புறம் கேட்டா... "மிஸ்ஸுகிட்ட முன்னாடியே சொன்னாங்களா அத்தா?"

"இல்லம்மா. யாருகிட்டயும் சொல்லல"ன்னேன்.

அவகிட்ட நேராத்தான் சொன்னேன் மிஸ். நல்லபடியாப் போங்க.